கல்லுக்கு நடுவே ஜல்லி: பாதை கெட்டால் எங்கே கை வைப்பது

வீட்டுத் தோட்டத்தில் கடப்பா கல்லையோ கிரானைட் பலகையையோ இரண்டடிக்கு ஒன்றாகப் பதித்து, நடுவே ஜல்லி பரப்பிய பாதை, போட்ட புதிதில் கண்ணுக்கு அவ்வளவு நன்றாக இருக்கும். ஒரு ஐப்பசி மழை போனபிறகுதான் அதன் உண்மை நிலை தெரியும். கல் ஆடும், ஜல்லி கரையும், கோரை முளைக்கும். கோவையில் எங்கள் வீட்டுப் பாதையையே மூன்று முறை பிரித்துப் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கூப்பிட, உறவினர்கள் கூப்பிட, இதுவரை முப்பது பாதைகளையாவது திறந்து பார்த்திருப்பேன்.

அத்தனை வீட்டிலும் முதலில் செய்திருந்தது ஒரே வேலைதான்: மேலே இன்னொரு லோடு ஜல்லி கொட்டியிருந்தார்கள். அது கோளாறை மூடி வைக்குமே தவிர நீக்காது. பெரும்பாலும் குறை ஜல்லியில் இல்லை. அதற்கு அடியிலோ, ஓரத்திலோ, தண்ணீர் வரும் வழியிலோ இருக்கிறது. அதனால் பணம் செலவழிக்கும் முன் ஒரு கல்லைத் தூக்கிப் பாருங்கள்.

முதல் வேலை: ஒரு கல்லைத் தூக்குவது

கடப்பாரை, ரப்பர் சுத்தி, ரசமட்டம், ஒரு சட்டி, கால் இஞ்ச் சல்லடை, மண்ணை இடித்து இறுக்கும் திமிசு இவை போதும். திமிசு இல்லையென்றால் கனமான மரக்கட்டையில் கைப்பிடி அடித்துக்கொள்ளலாம். மோசமாக இருக்கும் இடத்தில் ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, சுற்றியுள்ள ஜல்லியைச் சட்டியில் அள்ளிவிட்டு, கடப்பாரையின் முனைக்கு அடியில் ஒரு மரத்துண்டு கொடுத்து நெம்புங்கள். இன்னொரு கல்லை முட்டுக்கொடுத்து நெம்பினால் அதன் விளிம்பு தெறித்துவிடும். இரண்டடிக் கல்லென்றால் இருவராகத் தூக்குங்கள். விரலை அடியில் விடாதீர்கள்.

நன்றாகப் போட்ட பாதையில் கீழிருந்து மேலாக இப்படி இருக்கும்: திமிசு போட்ட மண், அதன்மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுப்பது), மூன்று இஞ்சுக்குக் கிரஷர் தூள் (கல் உடைக்கும்போது விழும் தூள்) கலந்து இறுக்கிய முக்கால் இஞ்ச் ஜல்லி, ஒரு இஞ்சுக்குக் கால் இஞ்ச் சிப்ஸ் (பொடி ஜல்லி), அதன்மேல் கல். இதில் எது இல்லையென்று பார்த்ததும் பாதி விடை கிடைத்துவிடும். நான் திறந்தவற்றில் பாதிக்கு மேல், கல்லுக்கு அடியில் ஆற்று மணலும் அதற்கு அடியில் வெறும் மண்ணும்தான் இருந்தன.

கல் ஆடுகிறது

நான்கு மூலையிலும் ஏறி நின்று பாருங்கள். பிறகு சுத்தியின் பிடியால் கல்லைத் தட்டிக் கேளுங்கள். "டொக்" என்று கனமாகக் கேட்டால் அடி நிரம்பியிருக்கிறது. பானையைத் தட்டியதுபோல் கேட்டால் அடியில் வெற்றிடம்.

*ஒரு மூலை மட்டும் ஆடினால்:* ஓரத்து ஜல்லி ஒன்று கல்லுக்கு அடியில் நுழைந்து ஆப்பு போல நிற்கும். தூக்கி, எடுத்துவிட்டு, மறுபடி உட்காரவைத்தால் சரி. பத்து நிமிட வேலை.

*கல்லைச் சுற்றி மண் பொடி குவியல் குவியலாக இருந்தால்:* எறும்பு. அடியில் போட்ட மணலை அவை மேலே கொண்டுவருகின்றன. மருந்து தூவினால் கொஞ்ச நாள் நிற்கும், அப்புறம் வேறு புற்று வரும். மணலை முழுக்க அள்ளிவிட்டுக் கால் இஞ்ச் சிப்ஸ் போடுங்கள். அதை எறும்பால் சுமக்க முடியாது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்தபிறகு எங்கள் பாதையில் கல் ஆடுவது பெருமளவு நின்றுவிட்டது.

*கல் நடுவில் விரிசல் விட்டிருந்தால்:* ஒரு இஞ்ச் கடப்பா கல் அலமாரித் தட்டுக்கு ஏற்றது, தனியாக மண்ணில் கிடந்து ஆள் பாரம் தாங்க ஏற்றதல்ல. அதை ஒட்டிப் பயனில்லை. ஒன்றரையிலிருந்து இரண்டு இஞ்ச் கனமுள்ள கல்லாக மாற்றுங்கள்.

*தூக்கியதும் அடியில் வளை தெரிந்தால்:* பெருச்சாளி. மேலே மட்டும் அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று தோண்டும். வளை போகும் திசையில் தோண்டிக்கொண்டே போய், உடைகல்லும் ஜல்லியும் போட்டு இடித்து அடையுங்கள். வளை வீட்டு அஸ்திவாரத்தை நோக்கிப் போனால் நீங்களாகத் தோண்ட வேண்டாம், கொத்தனாரை வரச்சொல்லுங்கள்.

*நான்கைந்து கல் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்திருந்தால்:* அடிமண் இறங்குகிறது. புது வீட்டைச் சுற்றிக் கொட்டிய நிரவல் மண் இரண்டு மழைக்காலம் வரை இறங்கும். அதற்குள் பாதை போட்டிருந்தால், பொறுத்திருந்து ஒருமுறை பிரித்துப் போடுவதுதான் வழி. ஆனால் இறங்கும் இடம் செப்டிக் டேங்க் பக்கமோ, தண்ணீர்க் குழாய் போகும் தடத்திலோ இருந்தால் காத்திருக்கக் கூடாது. வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, அரை மணி நேரம் மீட்டரைப் பாருங்கள். அது ஓடினால் கசிவு இருக்கிறது, பிளம்பரைக் கூப்பிடுங்கள். குழாய் மேல்தொட்டியிலிருந்து வருவதானால் மீட்டர் சொல்லாது, தொட்டியின் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவைத்துப் பாருங்கள். செப்டிக் டேங்க் மேலே மண் உள்வாங்கியிருந்தால் அந்த இடத்தில் யாரையும் நடக்கவிடாதீர்கள். மூடி உடைந்து உள்ளே விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

திரும்ப உட்காரவைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பாதி ஆட்கள் கல்லின் நடுவில் சிமென்ட் கலவை ஓர் உருண்டை வைத்து அதன்மேல் கல்லை அழுத்துகிறார்கள். நான்கு மூலையும் அந்தரத்தில் நிற்கும், ஆறு மாதத்தில் ஆடும். சிப்ஸைப் பலகையால் இழுத்து மட்டம் செய்து, கல் முழுவதும் படியவைத்து, ரப்பர் சுத்தியால் தட்டுங்கள்.

ஜல்லி கல்மேல் ஏறிக் கிடக்கிறது

காலில் குத்துகிறது, செருப்பில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்து தரையைக் கீறுகிறது என்பார்கள். முதலில் அளந்து பாருங்கள். ஜல்லியின் மேல்மட்டம் கல்லைவிட அரை இஞ்ச் தாழ்ந்திருக்க வேண்டும். கல்லுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் கூடுதலை அள்ளிவிடுங்கள். செலவே இல்லை. நான் பார்த்த வீடுகளில் பத்துக்கு ஏழில் இவ்வளவுதான்.

அது சரியாக இருந்தும் ஏறினால், காலையில் பெருக்கும் துடைப்பத்தைப் பாருங்கள். ஈர்க்குமாறு ஜல்லியை வாரிக் கல்மேல் போட்டுக்கொண்டே போகும். என் பெரியம்மா வீட்டில் தினமும் விடியற்காலையில் வாசலோடு சேர்த்துப் பாதையையும் பெருக்குவார்கள், தினமும் ஜல்லி இடம் மாறும். அவரிடம் பெருக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "கல்லை மட்டும் பூந்துடைப்பத்தால் தள்ளுங்க பெரியம்மா, ஜல்லியில் விழும் இலையை அகலப் பல் வைத்த வாரியால் மேலாக இழுங்க" என்றேன். அதோடு நின்றுவிட்டது.

மூன்றாவது காரணம் ஜல்லியின் அளவு. கால் இஞ்ச் சிப்ஸ் இரண்டு இஞ்ச் இடைவெளியில் நிற்காது, காலோடு வரும். இடைவெளி ஒரு இஞ்சுக்குள் என்றால் கால் இஞ்ச், ஒன்றரை இரண்டு என்றால் அரை இஞ்ச், அதற்கு மேல் அகலமானால் முக்கால் இஞ்ச் என்பது என் கணக்கு.

நடந்தால் கால் புதைகிறது, உருள்கிறது

கையில் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். வழுவழுவென்று உருண்டையாக இருந்தால் அது கூழாங்கல். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளாது. செடியைச் சுற்றிப் போட அழகு, நடக்கும் இடத்துக்கு ஆகாது. கோணல்மாணலாக உடைத்த ஜல்லிதான் ஒன்றில் ஒன்று சிக்கி இறுகும்.

கூழாங்கல்லைத் தூக்கி எறிய மனமில்லை என்றால், பாதியை எடுத்துவிட்டு அடியில் உடைத்த ஜல்லி போட்டு இறுக்கி, மேலே ஒரு வரிசை மட்டும் கூழாங்கல் பரப்பலாம். அடுக்கின் கனமும் முக்கியம்: இரண்டு இஞ்சுக்கு மேல் இறுக்காத ஜல்லி இருந்தால் எதுவானாலும் கால் புதையும்.

வயதானவர்கள் ஜல்லியில் கால் வைக்கிறார்கள் என்றால், கல்லின் இடைவெளியையும் பாருங்கள். இரண்டடி (நடுவிலிருந்து நடு) என்பது நடுத்தர நடைக்கு. சேலை கட்டி நடக்கும் பாட்டிக்கு ஒன்றேமுக்கால் அடியாவது நெருங்க வேண்டும். அவர்களை நடக்கவிட்டு, கால் விழும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதில் கல்லை வையுங்கள்.

ஸ்கூட்டர் ஏறித் தடம் விழுந்திருந்தால் அடித்தளத்தை நான்கு இஞ்சாக்கி மறுபடி இறுக்க வேண்டும். கார் ஏறும் இடமானால் இந்த வகைப் பாதையே பொருந்தாது. கான்கிரீட் தளம் போட்டு அதன்மேல் கல் பதிக்கக் கொத்தனார் வேண்டும்.

ஜல்லி குறைந்துகொண்டே போகிறது

வருடம் ஒரு லோடு வாங்குகிறோம், எங்கே போகிறது என்றே தெரியவில்லை என்பார்கள். அது போகும் இடம் மூன்று.

ஒன்று, பக்கவாட்டில். பாத்தியிலும் புல்லிலும் ஜல்லி சிதறிக் கிடந்தால் ஓரக்கட்டு இல்லை. செங்கலை நெட்டாக நட்டு, வெளிப்பக்கம் கலவை அணைத்தால் போதும். செங்கல் ஜல்லியைவிட ஒரு இஞ்ச் உயரமாக இருக்கட்டும். பக்கத்து மண் பாதையைவிடத் தாழ்வாக இருக்கும் இடங்களில் செங்கலுக்கு நடுவே ஆங்காங்கே விரல் அகலம் விடுங்கள், தண்ணீர் வெளியேற வேண்டும்.

இரண்டு, கீழே. கையால் தோண்டிப் பாருங்கள். இரண்டு இஞ்ச் ஆழத்தில் ஜல்லியும் மண்ணும் பிசைந்ததுபோல் இருந்தால், துணி இல்லாமல் போட்டிருக்கிறார்கள். கரிசல் மண்ணில் இது மிக வேகம்: மழையில் அது குழைந்து ஜல்லியை விழுங்கும், வெயிலில் வெடித்து, வெடிப்புக்குள்ளும் ஜல்லி இறங்கும். இதற்கு மேலே கொட்டி மாளாது. இருப்பதை வாரி, சல்லடையில் போட்டுத் தண்ணீர் பீய்ச்சி மண்ணைக் கழுவி, கீழே துணி விரித்து, அதே ஜல்லியைத் திரும்பப் போடுங்கள். துணியின் மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று ஓர் அடியாவது ஏறியிருக்க வேண்டும். பச்சை நிழல்வலை துணிக்கு மாற்று ஆகாது, அதன் ஓட்டைகள் வழியே மண் ஏறும். பாலித்தீன் தாள் இன்னும் கெடுதல், தண்ணீர் இறங்காது.

மூன்றாவது, மழையோடு. அது தனிக் கதை.

மழையில் ஜல்லி அடித்துக்கொண்டு போகிறது

மழை பெய்யும்போதே குடையோடு வெளியே போய்ப் பாருங்கள். வெயிலில் நின்று ஊகிப்பதைவிட ஐந்து நிமிடம் நனைவது மேல். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

மாடியிலிருந்து இறங்கும் குழாய் பாதையில் நேராகக் கொட்டினால், விழும் இடத்தில் குழி பறித்து ஜல்லியைத் தள்ளும். குழாய்க்குக் கீழே ஒரு அகலமான பலகைக் கல்லை வைப்பது முதல் வைத்தியம். குழாயை ஒரு முழங்கை (வளைவு இணைப்பு) போட்டு நீட்டி மழைநீர்த் தொட்டிக்குத் திருப்புவது அதைவிட நல்லது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பெரும்பாலான வீடுகளில் அந்தத் தொட்டி ஏற்கெனவே இருக்கும். ஆனால் பாதையின் தண்ணீரையும் அதில் விடுவதானால், வழியில் ஒரு சின்ன வண்டல் குழி வையுங்கள். இல்லையென்றால் கிரஷர் தூள் போய்ச் சேகரிப்புக் குழியை அடைத்துவிடும்.

குழாய் காரணமில்லை, பாதையே சரிவு என்றால் ரசமட்டத்தை நீளமான பலகைமேல் வைத்து அளந்து பாருங்கள். பத்தடிக்கு ஒன்றரை இஞ்ச் சரிவு நல்லது. பத்தடிக்கு ஆறு இஞ்சைத் தாண்டினால் தளர்ந்த ஜல்லி நிற்காது. நான்கடிக்கு ஒன்றாகக் குறுக்கே கல்லை நட்டுத் தடுப்பு கொடுங்கள், படிபோல. அதற்கும் மேல் சரிவென்றால் படிக்கட்டுதான். அதைக் கொத்தனாரிடம் விடுங்கள்.

தெருவை உயர்த்தித் தார் போட்டதால் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறதென்றால், பாதையில் எந்த வேலையும் பலன் தராது. கேட்டில் தடுப்பு எழுப்பி, கம்பிச்சட்டம் போட்ட வாய்க்கால் வெட்ட வேண்டியிருக்கும்.

தண்ணீர் நிற்கிறது

மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் நின்றால் கோளாறு. ஒரு வாரம், பத்து நாள் அப்படியே நிற்கவிட்டால் டெங்கு பரப்பும் கொசு முட்டையிட்டுப் பெருகப் போதும். தள்ளிப்போடாதீர்கள்.

மேலே உள்ள ஜல்லியைக் கிளறி அடியில் விரல் வைத்துப் பாருங்கள். சேறாகப் படிந்திருந்தால், இலைச் சருகு மக்கியோ தூள் நிறைந்த ஜல்லி வாங்கியதாலோ சல்லடை அடைத்ததுபோல் ஆகியிருக்கிறது. வாரிக் கழுவிப் போட்டால் சரியாகும். சேறில்லை, ஆனால் வழுக்கலாக ஏதோ தட்டுப்படுகிறது என்றால் பாலித்தீன் தாள். எடுத்துவிடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் மண்ணைச் சோதியுங்கள். பாதைக்குப் பக்கத்தில் ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம் தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது இறங்கியதும் இரண்டாவது முறை நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறதென்று குச்சியில் குறியுங்கள். ஒரு இஞ்சுக்கு மேல் இறங்கினால் மண் நல்லது, சரிவை மட்டும் திருத்துங்கள். அரை இஞ்சுகூட இறங்காவிட்டால் மண் குடிக்காது. பாதை ஓரமாகத் துளையிட்ட நான்கு இஞ்ச் குழாயைத் துணி சுற்றி, ஜல்லிக்குள் புதைத்து வெளியே கொண்டுபோக வேண்டும். நீளம் குறைவாக, இறங்குமிடம் தெளிவாக இருந்தால் நீங்களே செய்யலாம்.

தண்ணீர் வீட்டுச் சுவரை ஒட்டி நின்று, உட்புறச் சுவரில் தரையிலிருந்து ஈரம் ஏறினாலோ, சுவரில் விரிசல் தெரிந்தாலோ, பாதையை விட்டுவிடுங்கள். கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டிய விஷயம் அது.

களை முளைக்கிறது

ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் ஜல்லிக்குள்ளேயே முடிந்தால், காற்றில் வந்த விதை ஜல்லியில் தங்கிய மண்ணில் முளைத்திருக்கிறது. கீழாநெல்லி, அம்மான்பச்சரிசி எல்லாம் இப்படித்தான். மழைக்கு மறுநாள் கையால் இழுத்தாலே வரும். சிறு நாற்றுகளுக்குக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றலாம். சருகை வாரத்துக்கு ஒருமுறை எடுத்தால், அடுத்த வருடம் பாதியாகக் குறையும்.

கோரை வேறு. அது துணியையே குத்திக்கொண்டு வரும். மேலே பிடுங்கினால் கிழங்கு அடியில் தங்கி, ஒன்றுக்கு மூன்றாக வரும். அந்தக் கல்லைத் தூக்கி, துணியை விலக்கி, முக்கால் அடி ஆழம் கொத்தி, கிழங்கு கோத்த வேரைச் சரமாகவே எடுக்க வேண்டும். மண்ணைச் சல்லடையில் சலியுங்கள். விடுபட்டவை பதினைந்து இருபது நாளில் தலைகாட்டும், அப்போது மறுபடி எடுங்கள். மூன்று சுற்று ஆனால் அடங்கும். அருகம்புல் ஓரத்திலிருந்து படர்ந்து வருவது. ஓரக்கட்டைக் கீழே ஆறு இஞ்ச் இறக்கினால் நிற்கும்.

உப்பைக் கொட்டச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். மழையில் கரைந்து பக்கத்துச் செடிக்கும் கிணற்றுக்கும் போகும். களைக்கொல்லியையும் கிணறு, போர், குழந்தைகள் உள்ள இடத்தில் நான் தொடுவதில்லை.

கல்லையே தூக்கிக்கொண்டு தடித்த வேர் வந்தால் வெட்ட அவசரப்படாதீர்கள். வேம்பு போன்ற பெரிய மரத்தின் தாங்குவேரை வெட்டினால் அடுத்த காற்றில் மரம் சாயலாம். கல்லை நகர்த்திப் பாதையை வளைத்துக்கொண்டு போவது மலிவு. மரத்துக்கும் நல்லது.

வழுக்கல், வெண்பூச்சு, நிறம் மங்கல்

நிழலில் பாசி படிந்தால் கம்பித் தூரிகை வேண்டாம், தேங்காய் நார்த் தூரிகையும் தண்ணீரும் போதும். மேலே தொங்கும் கிளையைக் கழித்து வெயில் விடுங்கள். கல்லில் வெள்ளையாக உப்பு பூத்தால், அது அடியில் போட்ட சிமென்டிலிருந்து வருவது. உலர்ந்தபின் துடைத்தெடுங்கள், சில மாதத்தில் குறையும். இரண்டுக்கும் ஆசிட் ஊற்றாதீர்கள். கடப்பா கல், கோட்டா கல் இரண்டும் சுண்ணாம்புக்கல் வகை, வெள்ளைச் சிப்ஸாக விற்கும் மார்பிளும் அப்படித்தான். ஆசிட் அவற்றை அரித்து மேற்பரப்பைக் கெடுத்துவிடும்.

பூனை அசிங்கம் செய்தால் ஜல்லி மிகச் சிறிதாக இருக்கிறது. முக்கால் இஞ்ச் போட்ட இடத்தில் அவை தோண்டுவதில்லை.

புது ஜல்லி வாங்கியே ஆகவேண்டும் என்றால்

இருபதடி நீளம், நான்கடி அகலப் பாதை 80 சதுர அடி. அதில் இரண்டடிக்கு ஒன்றரை அடிக் கல் பத்து இருந்தால் 30 சதுர அடி கல்லுக்குப் போகும். மிச்சம் 50. இரண்டு இஞ்ச் கனத்துக்கு ஆறால் வகுத்தால் எட்டேகால் கன அடிக்குச் சற்று மேல். ஒரு கன அடி ஜல்லி ஏறக்குறைய 42 கிலோ இருக்கும், ஆக மொத்தம் 350 கிலோ. இறுகும்போது குறைவதையும் சேர்த்தால் ஒன்பது, பத்து சிமென்ட் சாக்கு அளவு. இவ்வளவுக்கு யாரும் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, வாங்க வேண்டியதில்லை. கடையில் சாக்குக் கணக்கில் கேளுங்கள். வந்ததும் ஒரு சட்டி எடுத்து வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். தண்ணீர் சாம்பல் குழம்பாகிவிட்டால், முழுவதையும் சல்லடையில் கழுவிய பிறகே பாதையில் போடுங்கள்.